குட்டு வாங்க வா

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது.

நீ சுகமாக இருப்பாய். நானும் இருக்கிறேன். உன் மகளுக்கு முதுகில் படுக்கைப்புண் எதுவும் வரவில்லை. இரவும் பகலும் புரட்டிப் படுக்க வைத்து என் இடுப்புதான் விட்டுப்போயிற்று. போனில் பேச ஆரம்பித்தால் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுகிறாய். கடிதத்துக்குச் சிக்னல் வேண்டாம், அதனால் எழுதுகிறேன்.

அந்த இயந்திரக் கையைப் பற்றிக் கேட்டிருந்தாய். அவள் மண்டைக்குள் வைத்த சில்லிலிருந்து ஒரு ஒயர் கம்ப்யூட்டருக்குப் போகிறது. கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாதவள், கையை மடக்குவதாக மனதில் நினைத்தால், சக்கர நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்கிற இரும்புக் கை மடங்குகிறது. சொல்வதற்குச் சுலபம். முந்தின நாள் படித்ததெல்லாம் அதற்குக் காலையில் மறந்துவிடும், பள்ளிக்கூடத்தில் நீ இருந்த மாதிரியே. மறுபடி முதலிலிருந்து மடக்கு, விரி, மடக்கு, விரி. அவள் களைத்துப்போகிறாள். பார்த்துக்கொண்டிருக்கிற நானும்தான்.

இந்த ஆராய்ச்சி நடக்கிற ஆஸ்பத்திரியில் ஒரு என்ஜினியர் பெண். முதல் நாளே என்னை வேலைக்காரி என்று நினைத்து, "ஆயாம்மா, அந்த நாற்காலியக் கொஞ்சம் நகர்த்துங்க" என்றவள். அதை நான் மறக்கவில்லை. இந்தக் கையால் என்ன செய்ய ஆசை என்று உன் மகளிடம் கேட்டாள். மற்றவர்கள் தண்ணீர் குடிக்க வேண்டும், மூக்கைச் சொறிய வேண்டும் என்பார்களாம். இவள், "எங்கப்பா தலையில ஒரு குட்டு வைக்கணும்" என்றாள். நீங்கள் சீட்டாடி, தோற்றவர் தலையில் குட்டிக்கொள்வீர்களே, அதுதான். கடைசி ஆட்டத்தில் நீதான் தோற்றாயாம். 'காலைல வாங்கிக்கறேன்' என்று படுக்கப் போய்விட்டாயாம். காலையில்தான் இருவரும் பைக்கில் கிளம்பினீர்கள்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. பெரிய டாக்டரிடம் போராடி அனுமதி வாங்கினாள். நீ வரும்போது இரும்பு விரல்முட்டியில் ஸ்பஞ்ச் கட்டி, வேகத்தையும் குறைத்துவிடுவார்களாம். பழகுவதற்கு என் எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து வைத்தோம்.

ஆனால் கை பாதி வழியிலேயே நின்று நடுங்கும். ஒயரைப் பார்த்தார்கள், கம்ப்யூட்டரைப் பார்த்தார்கள், எல்லாம் சரியாக இருந்தது. ஒரு நாள் அந்தப் பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "பாட்டி, தப்பா எடுத்துக்காதீங்க. அவங்கப்பா போன் பேசிக்கிட்டே பைக் ஓட்டின கதைய நீங்க ஆரம்பிச்சாலே இவ நினைப்பு சிதறிடுது. எது கை, எது அழுகைன்னு மெஷினுக்குப் புரியல" என்றாள்.

நான் சொன்னதில் பொய் உண்டா? ஆஸ்பத்திரி வாசலில் நீயே உன் வாயால் சொன்னாய். அப்போது நீ போட்டிருந்த சட்டையில் மேல் பொத்தான் இல்லை. அவளுக்குக் கழுத்து போயிற்று, உனக்கு முழங்கையில் சிராய்ப்பு. அது ஆறியதும் வெளிநாட்டு வேலை என்று விமானம் ஏறிவிட்டாய். கண் மூடும்வரை எனக்கு இது மறக்காது.

ஆனாலும் எழுந்து வராந்தாவுக்குப் போனேன். வாயை மூடிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் உள்ளே டம்ளர் 'டங்' என்றது. மறுபடியும் ஒரு 'டங்'. "பாட்டி, கேட்டுச்சா?" என்று உன் மகள் கத்தினாள். கேட்டது என்று சொல்லக்கூட நான் வாயைத் திறக்கவில்லை. எங்கே கெட்டுவிடுமோ என்று பயம்.

அடுத்த மாதக் கடைசியில் ஆராய்ச்சி முடிகிறது. மண்டைக்குள் வைத்ததை எடுத்துவிடுவார்கள். கை வேறு யாருக்கோ போய்விடும். அப்புறம் அவளுக்குப் பழையபடி கண்ணும் வாயும்தான்.

அதற்குள் வந்துவிடு. நீ மன்னிப்புக் கேட்க வேண்டாம், அவள் அதை எதிர்பார்க்கவும் இல்லை. நாற்காலிக்குப் பக்கத்தில் முட்டி போட்டுத் தலையைக் குனிந்து கொடு, போதும். கை மெதுவாகத்தான் வரும், நகராதே. நான் வராந்தாவில் இருப்பேன். ஒரு வார்த்தை பேசமாட்டேன்.

உன் தலைக்கு ஒரு குறையும் வராது, மகனே.

அம்மா