பேரைச் சொன்னதும் நிறுத்து

உன் மெகாபோன் கோர்ட்டிலிருந்து திரும்பி வந்துவிட்டது. வழக்கு முடிந்ததும் எழுதிக் கேட்டிருந்தேன். போன வாரம் ஒரு சாக்குத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். புனலின் ஒரு பக்கம் நசுங்கி உள்ளே போயிருக்கிறது. உன் மண்டையில் இறங்க வேண்டிய முதல் அடியை அதுதான் வாங்கியது. பேசுகிற பக்கம் மூக்கை வைத்துப் பார்த்தேன். கிராம்பு. தொண்டைக்கு நல்லது என்று எப்போதும் கடைவாயில் ஒன்றை ஒதுக்கி வைத்திருப்பாயே, அந்த வாசனை. எனக்கு அழுகை வரவில்லை. யாரையாவது அடிக்க வேண்டும் போல இருந்தது.

நீ என்னை அடித்ததுதான் அப்போது நினைவுக்கு வந்தது. தி.நகர் நடைபாதையில் நீ பெல்ட் விற்றாய், உன் பக்கத்தில் நான் கைக்குட்டை விற்றேன். தமிழில் பட்டம் வாங்கிவிட்டுக் கைக்குட்டை விற்கிறவன் என்பதால் உனக்கு நான் 'பி.ஏ.'. நடைபாதை வியாபாரிகள் சங்கத்துக்காக நீ முதல் தடவை பேசிய அன்று, ஸ்டூலை விட்டு இறங்கியதும் வியர்வை சொட்டச் சொட்ட வந்து கேட்டாய்.

"இன்னா பி.ஏ., எப்டி கீது நம்ம பேச்சு?"

"கேவலமா இருந்துச்சு" என்றேன்.

பொறி கலங்க ஓர் அறை. பஜ்ஜிக் கடை பெஞ்சில் போய் விழுந்தேன். பேசும்போது கிடைக்காத கைதட்டல் உனக்கு அப்போதுதான் கிடைத்தது.

மறுநாள் நான் கடை விரிப்பதற்குள் நீயே வந்து நின்றாய். மெகாபோனை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாய். "இப்ப சொல்லு மச்சி. ரெண்டு கையும் மாட்டிக்கினு கீது, அடிக்க மாட்டேன்." அதுவே வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு கூட்டம் முடிந்ததும் நீ அதை இறுக்கிக்கொள்வாய், நான் எட்ட நின்று சொல்வேன். உன் விரல் முட்டிகள் வெளுப்பதைப் பார்த்துக்கொண்டேதான் சொல்வேன்.

அறை வாங்கிய புண்ணியத்தில் நானும் சொல்லப் பழகினேன். "நல்லா இல்ல" என்றால் உன் கழுத்து நரம்பு புடைக்கும். "எடுத்த எடுப்புல கத்தாத, மெதுவா ஆரம்பிச்சா ஜனம் கிட்ட வரும்" என்றால் நரம்பு அடங்கும். நீ கெட்ட வார்த்தையை எடுத்ததும் பூ விற்கிற பெண்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள் என்று ஒருமுறை சொன்னேன். அடுத்த கூட்டத்தில் வாய்வரை வந்ததை நீ மென்று முழுங்கியது, பின்னால் பஜ்ஜிக் கடையருகே நின்ற எனக்குத் தெரிந்தது. பெண்களும் போகவில்லை. அன்று நீ என் கழுத்தை வளைத்து முத்தமிட்டாய். அதுவும் வலித்தது.

பிறகு அவன் வந்தான். எங்கள் தெருவில் மாமூல் கேட்டான். தர மறுத்த வளையல்காரி செல்வியின் கையை, அவள் விரித்து வைத்திருந்த வளையல்களின் மேலேயே வைத்து மிதித்தான். கண்ணாடி நொறுங்கியதற்குப் பிறகும் அவன் காலை எடுக்கவில்லை. தெருவே பார்த்துக்கொண்டு நின்றது. போலீசில் சொல்லவும் சங்கத்தில் சொல்லவும் எல்லோரும் பயந்தார்கள். மேடைக்கு மேடை 'சில தீய சக்திகள்' என்றுதான் பேசினோம். அடுத்த கூட்டத்தில் பெயரைச் சொல்லப்போகிறேன் என்றாய் நீ.

"தீய சக்திகள்னே இருக்கட்டும்டா, அதுவே கம்பீரமா இருக்கு" என்றேன்.

மெகாபோனைப் பிடித்தபடி முறைத்தாய். "பயத்துல சொல்றியா, பேச்சுக்கோசரம் சொல்றியா?"

"பயத்துலதான்."

"அப்ப அத நான் எடுத்துக்க மாட்டேன். மத்தது சொல்லு."

சாயங்கால நெரிசலில், அத்தனை பேர் முன்னால், பெயரைச் சொன்னாய். சொன்ன வேகத்திலேயே அடுத்த வாக்கியத்துக்கு ஓடினாய். அந்த வாக்கியம் முடியவில்லை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு அவனும் அவன் ஆட்களும் வந்தார்கள். கம்பியின் முதல் அடி மெகாபோனில், அடுத்தது உன் காதில். விழுந்த உன் வயிற்றில் அவனே குனிந்து கத்தியை இறக்கினான், இழுத்தான், மறுபடி இறக்கினான். நான் பஜ்ஜிச் சட்டியிலிருந்து கொதிக்கிற எண்ணெயைக் கரண்டியால் அள்ளி ஒருவன் முகத்தில் வீசினேன். அவன் அலறிய அலறல் இன்றைக்கும் எனக்கு இனிக்கிறது. என் தோள்பட்டை எலும்பை முறித்துவிட்டுப் போனார்கள்.

ஆட்டோவில் உன் தலை என் மடியில் இருந்தது. வேட்டி முழுக்க உன் ரத்தம். பல்லெல்லாம் சிவக்க நீ கேட்டாய், "எப்டி இருந்துச்சு?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. சாகிறவனிடம் யாரும் அப்படிக் கத்தியிருக்க மாட்டார்கள். "பேரைச் சொன்னதும் நிறுத்தியிருக்கணும்டா! ஜனத்துக்கு உள்ள எறங்க நேரம் குடுக்க வேணாமா?"

"கரெக்ட்டு" என்றாய். உன் கைகள் நெஞ்சின் மேல் எதையோ தேடின. மெகாபோன் தெருவிலேயே கிடந்தது. என் கையைக் கொடுத்தேன். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் அதை நீ விடவில்லை.

வழக்கில் ஒவ்வொருவராகக் கூண்டில் ஏறி, பார்க்கவில்லை என்றார்கள். செல்வியும் நானும் மட்டும் பார்த்ததைச் சொன்னோம். அது போதவில்லை. விடுதலையாகி வந்தவன் பழையபடி எங்கள் தெருவில் கை நீட்டுகிறான். எங்கள் ஆட்களும் பழையபடி 'தீய சக்திகள்' என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். மெகாபோனுக்குப் புது பேட்டரி போட்டேன். குரல் கொஞ்சம் பிளந்தாலும் பேசுகிறது. நேற்றுச் சாயங்காலம், வாழ்க்கையில் முதல் தடவையாக, உன் ஸ்டூலில் நான் ஏறினேன்.

எதிர் ஜவுளிக்கடைப் படியில் அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். மெதுவாகத்தான் ஆரம்பித்தேன். செல்வியின் கையைப் பற்றிச் சொன்னேன். உன் வயிற்றைப் பற்றிச் சொன்னேன். "செஞ்சவன் பேரு கொக்கி பாஸ்கர்" என்றேன்.

நிறுத்தினேன்.

ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அதற்குப் பிறகு எந்தச் சத்தமும் இல்லை. பூக்கூடைப் பக்கமிருந்து ஒரு பெண் அந்தப் பெயரைத் திருப்பிச் சொன்னாள். இன்னொருத்தி சொன்னாள். தலைகள் எல்லாம் படியின் பக்கம் திரும்பின. அவன் கட்டிய கையை இறக்கினான். கூட்டம் அசையவில்லை. கடைசியில் அவன்தான் படியிறங்கிப் போனான். நாளைக்குக் கத்தியோடு வரலாம். வரட்டும், தெருவே அவன் பெயரைச் சொல்லிவிட்டது.

ஸ்டூலை விட்டு இறங்கினேன். உன் மனைவி ஸ்டெல்லா பட்டினப்பாக்கத்திலிருந்து வந்து, பின்னால் பஜ்ஜிக் கடையருகே, நான் வழக்கமாக நிற்கிற இடத்தில் நின்றிருந்தாள். நேராக அவளிடம் போனேன்.

"எப்படிம்மா இருந்தது?"

"ஒண்ணியும் கேக்கலண்ணா. முணுமுணுன்னு பேசிக்கினு கீற. மெகாபோன வாய்க்கு நேரா புடிக்கவே தெரியல உனுக்கு." முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். "அந்தப் பேரு மட்டும் கேட்டுச்சு. தெருக்கோடி வரிக்கும் கேட்டுச்சு."

உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பேசிவிட்டு வந்தவனிடம் முணுமுணு என்கிறாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. அன்று உன் கை ஏன் எழுந்தது என்று இப்போது தெரிகிறது. மெகாபோனை இரண்டு கையாலும் நெஞ்சோடு இறுக்கிக்கொண்டேன்.

"சரி, மத்தது சொல்லு" என்றேன்.