என் முழங்காலுக்கு ஒன்றுமில்லை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இந்த வயதுக்கு என்ன நலம் கிடைக்குமோ அந்த நலத்தோடு நாங்கள் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அதைவிட ஒரு படி கூடுதலாகவே இருங்கள். ஞாயிற்றுக்கிழமை போனில் உன் அப்பா சொன்னதைக் கேட்டு நீ அழுதாய் என்று எனக்குத் தெரியும், மூக்கை உறிஞ்சியது ஸ்பீக்கரில் நன்றாகவே கேட்டது. அம்மாவுக்கு முழங்கால் போய்விட்டது, கம்பு வாங்கிவிட்டோம், நான்தான் கையைப் பிடித்து ரோட்டைத் தாண்ட வைக்கிறேன் என்று அவர் அளந்த அளப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கே என் கால்மேல் இரக்கம் வந்துவிட்டது. முதலில் கண்ணைத் துடை. என் முழங்காலுக்கு ஒன்றுமில்லை. நேற்றுக் காலைகூட லிப்ட் வழக்கம்போல் கொஞ்ச நேரம் படுத்துவிட்டதால் காய்கறிப் பையோடு எல்லா மாடியும் ஏறினேன், அப்பா பார்க்காத நேரமாகப் பார்த்து. இதைப் போனில் சொல்ல முடியாது, அவர் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு மேற்பார்வை பார்க்கிற ஆள். அதனால்தான் இத்தனை வருடம் கழித்து உனக்குக் கடிதம், அதுவும் கீழே மருந்துக்கடையில் உட்கார்ந்து. நான் உயில் எழுதுகிறேன் என்று நினைத்து மருந்துக்கடைக்காரர் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டிருக்கிறார். இருக்கட்டும், காற்று வருகிறதே.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். நம் ரோட்டை அகலப்படுத்தியது உனக்குத் தெரியும். நீ கேக் வாங்குகிற கடை போய் அங்கே போனுக்கு உறை விற்கிறார்கள், போன் விற்கவில்லை, வெறும் உறை, அதற்கும் கூட்டம். ரோட்டு நடுவில் ஒரு திட்டு இருந்ததே, பாதி தூரம் போய் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு மீதியைக் கடப்போமே, அதையும் இடித்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக ஒரு சிக்னல். அதில் ஒரு பச்சை மனிதன் இருக்கிறான். முதலில் நிதானமாக நடப்பான், நாம் பாதி ரோட்டுக்குப் போவதற்குள் ஓட ஆரம்பித்துவிடுவான். அவனுக்கென்ன, இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தவனா. உன் அப்பா கிடந்தவர். கம்பு ஊன்றி நடங்கள் என்று டாக்டர் சொன்னதற்கு, கம்பு ஊன்றினால் பார்க்கிறவர்கள் கிழவன் என்பார்களே என்றார். கிழவன்தானே என்றேன், இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. உன்னிடம் மட்டும் போனில் நான் ஓடுகிறேன் பாய்கிறேன் என்று கதை விட்டார், நீயும் நம்பினாய். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்கிற வம்சம் அது, நீயும் பாதி அந்த வம்சம்தான், அதனால் உன்னைக் குறை சொல்லவில்லை.

எதிர்ச்சாரியில் இருக்கிற சலூன்தான் அவருக்குச் சொர்க்கம். பஸ் ஓட்டுவதை விட்டபிறகு அதுதான் அவருக்கு டிப்போ. முடி வெட்டப் போகிறார் என்று நினைக்காதே, வெட்ட என்ன இருக்கிறது, காதுக்கு மேலே இரண்டு பக்கமும் ஏதோ கொஞ்சம். சாயங்காலமானால் போய்க் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரைச் சத்தமாக வாசித்து, ஒவ்வொரு செய்திக்கும் தீர்ப்பு சொல்லி, நாலு பேரோடு சண்டை போட்டுவிட்டு வந்தால்தான் ராத்திரி சாப்பாடு இறங்கும். அப்படிப்பட்டவர் ஒருநாள் வந்து, இனி அந்த சலூன் வாசலை மிதிக்க மாட்டேன் என்றார். என்ன ஆயிற்று என்றால், “உங்க தலைக்குப் பாதி ரேட்டு போதும்னு நாலு பேர் முன்னாடி சொல்லிட்டான்” என்றார். எனக்கு எங்கிருந்து கோபம் வந்ததோ தெரியவில்லை. உன் அப்பாவை அவமானப்படுத்த இந்த உலகத்தில் ஒருத்திக்குத்தான் உரிமை உண்டு, அது நான். ஒரே வாரத்தில் நம் கட்டடத்து ஆம்பிளைகள் அத்தனை பேரையும் அந்த சலூனுக்குப் போகவிடாமல் செய்துவிட்டேன். சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கொடுத்துக் கூட்டத்தை அடக்கிய வாய் இது, சும்மா சொல்லக்கூடாது. எல்லோரும் பின்தெரு சலூனுக்குப் போனார்கள். அங்கே இருக்கிறவன் கத்தரிக்கோலை எப்போதுதான் பிடித்தானோ, மேல்வீட்டுக் கணக்கர் திரும்பி வந்தபோது தலை ஆடு மேய்ந்த காடு மாதிரி இருந்தது. அவர் மனைவி இன்றுவரை என்னிடம் சரியாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மருந்துக்கடைக்காரர் தொப்பி போட ஆரம்பித்தார். உன் அப்பா மட்டும், “விடு, போகட்டும், ஏழை பிழைக்கட்டும்” என்று முனகிக்கொண்டே இருந்தார். அடடா, நம் ஆளுக்கு எவ்வளவு பெருந்தன்மை என்று நான் வேறு பூரித்துப் போனேன். பெருந்தன்மையாவது மண்ணாவது, போட்ட பொய் ஊர்வலம் போகிறதே என்கிற பயம்.

அதோடு விட்டதா. பின்தெருவுக்கு வாருங்கள், ரோடு தாண்ட வேண்டியதில்லை, நீங்களும் வெட்டிக்கொள்ளுங்கள் என்றால், கண்டவனிடம் தலையைக் கொடுக்க மாட்டேன் என்றார். இருக்கிற கொஞ்ச முடியும் காதை மூடி, காலர்வரை இறங்கி, உச்சி மட்டும் பளபளவென்று, பார்க்கச் சகிக்கவில்லை. அதுகூடப் பரவாயில்லை, ஆள் உள்ளுக்குள் சிறுத்துக்கொண்டே வந்தார். பேப்பரை எனக்கு வாசித்துக் காட்டினார். நான் சரி சரி என்றேன், உன்கிட்டே வாசிச்சா சுவத்துக்கிட்டே வாசிச்ச மாதிரி இருக்கு என்று மடித்து வைத்துவிட்டார். சாப்பாடு குறைந்தது. டிவியில் யார் பேசினாலும் மறுத்துப் பேசவில்லை, அதுதான் என்னைப் பயமுறுத்தியது. சாயங்காலம் மட்டும் சட்டையை மாற்றிக்கொண்டு நடந்துவிட்டு வருகிறேன் என்று இறங்குவார், கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்துவிடுவார். எங்கே போனீர்கள் என்றால், சும்மா கீழே என்பார். இப்படியே விட்டால் இந்த மனிதர் நாற்காலியோடு ஒட்டிப் போய்விடுவார், நம் வீட்டில் இரண்டு ஆள் இருந்தும் நான் ஒருத்தி மட்டும் இருக்கிற மாதிரி ஆகிவிடும். எல்லாம் அந்த சலூன்காரனால் என்று ஒருநாள் அவர் நடக்கக் கிளம்புவதற்கு முன்பே நான் கிளம்பி ரோட்டைத் தாண்டிப் போய், சலூன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தேன்.

ஒருத்தர் முகமெல்லாம் நுரையோடு சாய்ந்து கிடந்தார். அவரைக்கூடப் பார்க்காமல் நான் பிடித்த பிடியில் சலூன்காரருக்குக் கத்தியே நகரவில்லை. எத்தனை வருடப் பழக்கம், ஒரு பெரிய மனுஷனைத் தலையைச் சொல்லிக் கேலி செய்யலாமா, உன் தலை மட்டும் நிலைக்குமா என்று மூச்சு விடாமல் கேட்டேன். நான் மூச்சு வாங்க நின்றபோது அவர் சீப்பால் கண்ணாடியைக் காட்டி, “அக்கா, கொஞ்சம் இதுல பாருங்க” என்றார். கண்ணாடியில் ரோடு தெரிந்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கம், நம் பக்கம், உன் அப்பா நின்றுகொண்டிருந்தார், இஸ்திரி போட்ட சட்டையோடு, கக்கத்தில் பேப்பரோடு. பச்சை விழுந்தது. எல்லோரும் நடந்தார்கள். அவர் ஒரு காலை ரோட்டில் வைத்தார், பிறகு எடுத்துக்கொண்டார். பஸ் நிறுத்தப் பலகையைப் படிக்கிற மாதிரி நின்றார். மறுபடியும் பச்சை, மறுபடியும் ஒரு கால், மறுபடியும் பலகை. முன்வைத்த காலைப் பின்வைக்காதவர் என்று கல்யாணத்துக்கு முன் என் அப்பாவிடம் சொன்னார்கள் அவரைப் பற்றி. நான் பார்த்துக்கொண்டே நின்றேன், அவர் திரும்பி வீட்டுப் பக்கம் மெதுவாக நடந்து போகும்வரை.

பிறகுதான் சலூன்காரர் சொன்னார். ஒருநாள் பாதி ரோட்டில் சிவப்பு விழுந்துவிட்டதாம். முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் வர முடியாமல் உன் அப்பா நடு ரோட்டில் நின்றிருக்கிறார், இரண்டு பக்கமும் வண்டி. ஒரு பஸ் டிரைவர், சின்ன வயசுக்காரன், ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டு தலையை வெளியே நீட்டி, “பெருசு, வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா” என்று கேட்டிருக்கிறான். பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். இந்த ரோட்டில் அந்தக் கேள்வியை அதிகம் பேரிடம் கேட்டவர் உன் அப்பாதான், உனக்கே தெரியும், சின்ன வயதில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து நீயும் கத்துவாய். இந்தப் பக்கத்தில் ஒரு சுரங்கப்பாதை இருக்கிறது, ஆனால் அதில் இறங்கி ஏறப் படிக்கட்டு, அது அவருக்கு ரோட்டைவிடக் கஷ்டம். அன்றைக்கு எப்படியோ திரும்பி நம் பக்கமே வந்து சேர்ந்தவர்தான், வீட்டுக்கு வந்து பாதி ரேட்டு கதையைச் சொன்னார். நான் அங்கேயே அழுதுவிட்டேன். நுரை பூசிய மனிதர் தன் தோளில் கிடந்த டவலை எடுத்துக் கொடுத்தார், பாவம். இவ்வளவு நாள் ஏன் தம்பி வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன். “எம்மேல கோவம்னே இருந்துட்டுப் போகட்டும்க்கா, நடக்க முடியலன்னு உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சுன்னா அண்ணன் அந்த ஓரம்வரைக்கும்கூட வரமாட்டார்” என்றார். கொஞ்சம் விட்டு, “ஆனா பில்டிங்கையே கூட்டிட்டுப் போனீங்க பாருங்க, அதைத்தான் தாங்க முடியல” என்றும் சொன்னார். நியாயம்தானே.

வாருங்கள், கையைப் பிடித்துக் கூட்டிப் போகிறேன் என்று நான் சொன்னால் உன் அப்பா அப்புறம் படுக்கையறையிலிருந்துகூட வெளியே வரமாட்டார். அதனால் மறுநாள் சமையலறையில், ஐயோ என் முழங்கால் என்று நாற்காலியில் சரிந்தேன். நம்ப மாட்டாய், இடுப்பு முறிந்ததிலிருந்து அவர் அவ்வளவு வேகமாக எழுந்து நான் பார்த்ததில்லை. தைலம் எங்கே, துணி எங்கே என்று வீட்டையே இரண்டாக்கிவிட்டார். சாயங்காலம் என் மூக்குக்கண்ணாடி தளர்ந்துவிட்டது, சலூனுக்குப் பக்கத்துக் கடையில் முடுக்க வேண்டும், தனியாக ரோடு தாண்டப் பயமாக இருக்கிறது என்றேன். உடனே சட்டையை மாற்றிக்கொண்டார். பச்சை விழுந்ததும் என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார், நான் அவர் கையை அதைவிடக் கெட்டியாக. நான் ஆமை மாதிரி நடந்தேன். நாங்கள் பாதி போவதற்குள் பச்சை மனிதன் ஓடிப் போய்விட்டான், ஒரு பஸ் உறுமியது. நான் கையை நீட்டி, அந்தக் காலத்தில் ஹவுஸ் புல் என்று சொல்கிற குரலில், நில்லுடா என்றேன். நின்றான். எல்லா வண்டியும் நின்றது. நடு ரோட்டில் உன் அப்பா எனக்குச் செய்த உபதேசம் என்ன தெரியுமா, “கொஞ்சம் வேகமாத்தான் நடந்தா என்ன, உன்னால ஊரே நிக்குது”.

சலூன் வாசலுக்கு வந்ததும், இவ்வளவு தூரம் வந்தாயிற்று என்கிற மாதிரி எட்டிப் பார்த்தார். சலூன்காரர் நாற்காலியைத் தட்டிவிட்டு, “வாங்கண்ணே, முழு ரேட்டுதான்” என்றார். உன் அப்பா பெரிய மனது பண்ணி மன்னித்து உள்ளே போனார். மன்னித்தாராம், கேட்டுக்கொள். வெட்டி முடித்தபிறகு பேப்பரைப் பிரித்து யாரோ ஒருத்தரோடு சண்டையை ஆரம்பித்தார், அந்தச் சத்தம் கண்ணாடிக் கடைவரை கேட்டது, எனக்கு அதைவிட நல்ல பாட்டு கிடையாது. கட்டடத்து ஆம்பிளைகளும் திரும்பிவிட்டார்கள், மருந்துக்கடைக்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டார். கம்பு என் பெயரில்தான் வாங்கியது. நான் வேண்டுமென்றே தப்புத் தப்பாகப் பிடித்தேன். “குடு இப்படி, உனக்கு ஊனவே தெரியல” என்று வாங்கி ஊன்றிக் காட்டினார். அன்றிலிருந்து தினமும் எனக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டேதான் நடக்கிறார். நான் மக்குப் பிள்ளை, எனக்கு இந்த ஜென்மத்தில் வராது.

ஒரு விஷயம் மட்டும் உனக்குச் சொல்ல வேண்டும். முந்தாநாள் ஏதோ யோசனையில் இடது காலை நொண்டிவிட்டேன். அதற்கு முன்னால் எல்லாம் வலது கால். உன் அப்பா என் காலைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். ரோட்டைத் தாண்டினோம். வீட்டுக்கு வந்தும் ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத்தான் சோறு இறங்கவில்லை, எல்லாம் போச்சு, நாளை முதல் மறுபடியும் நாற்காலிதான் என்று நினைத்தேன். நேற்று சாயங்காலம் சட்டையை மாற்றிக்கொண்டு, கம்பை எடுத்துக்கொண்டு, கதவருகே நின்று, செருப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டார், “இன்னிக்கு எந்தக் கால்?” வலதுதான் என்றேன். சரி வா என்று கையை நீட்டினார்.

அதனால் நீ பதறிக்கொண்டு டிக்கெட் போட வேண்டாம், லீவு கிடைக்கும்போது வா, ஆனால் வா. ராத்திரி கண்விழித்து வேலை செய்யாதே. மாப்பிள்ளை சமைத்தால் குறை சொல்லாமல் சாப்பிடு, குறை சொன்னால் நாளை நீ சமைக்க வேண்டியிருக்கும். இரண்டு பேரும் மனதும் வயிறும் நிறைந்து, கையைக் கையில் பிடித்துக்கொண்டு நீண்ட காலம் நடக்க என் ஆசீர்வாதம். இதைப் படித்ததும் கிழித்துவிடு, ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது முதல் கேள்வி என் முழங்காலைப் பற்றித்தான் இருக்க வேண்டும், கொஞ்சம் திட்டவும் செய், அம்மாவைத் தனியாக ரோட்டுக்கு விடாதீங்கப்பா என்று அவரிடம் கண்டிப்பாகச் சொல்.

இப்படிக்கு,
நொண்டிக்கொண்டே நன்றாக இருக்கிற
உன் அம்மா

வலது கால். மாற்றிக் கேட்டுவிடாதே.