மாலைதீவில் ஆறு பிடி மண்

என் முனீராவுக்கு, நீ இருக்கும் இடத்துக்கு ஸலாம்.

மாத்தளைச் சந்தை மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த வருஷம் அது. பள்ளியில் ஜும்ஆ இல்லை. அந்தத் தொற்றில் மௌத்தானவர்களை, நம் ஆட்களையும், அடக்க விடாமல் எரித்தார்கள். நம்முடைய மையித்துகளை மாலைதீவுக்குக் கொண்டுபோய் அடக்கப்போகிறார்களாம் என்று ஊரில் ஒரு பேச்சு ஓடியது. அதைக் கேட்டு நீ சிரித்தாய். "அப்பிடியெண்டா என்னயும் அங்க அனுப்பிருங்க. மவன்ட பக்கத்துல படுத்துக்கிறேன்" என்றாய்.

பத்து நாளில் உன்னையும் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே கொண்டுபோய் எரித்தார்கள். சாம்பல் வேண்டுமா என்று போனில் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். அதை வாங்கி நான் எங்கே வைப்பேன், சொல்?

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மகள் பரீதா எழுதுகிறாள். இடையிடையே பேனாவை வைத்துவிட்டு மூக்கைச் சிந்துகிறாள்.

செய்தி இதுதான். நான் மாலைதீவுக்குப் போகிறேன், நம் மகன் ரிஸ்வானின் கபுறைப் பார்க்க. பாஸ்போட் எடுத்தாயிற்று, கையெழுத்துக்குப் பெருவிரல் வைத்து. போன கிழமை டவுனில் டிக்கட் போடும் கடைக்குப் போனோம். அங்கிருந்த பிள்ளை, தண்ணீருக்கு மேல் கட்டிய அறைகளின் படங்களை விரித்துக் காட்டினாள்.

"கலியாணம் முடிச்சவங்க போற இடம் மாமா. நீங்க யாரோட போறீங்க?"

"பொஞ்சாதியோட போயிருக்கோணும், மகள். சுணங்கிட்டேன். மவன்ட கபுறு அங்க இருக்கு."

அவள் படங்களை மூடி வைத்துவிட்டு, எந்தத் தீவு என்று மெதுவாகக் கேட்டாள்.

அவன் செய்தி வந்த அந்த நாள் எனக்கு அச்சொட்டாக ஞாபகம். நீ வாசலில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தாய். நான் லுஹர் தொழுதுவிட்டு வந்து சட்டையைக் கழற்றவில்லை, போன் அடித்தது. மாலைதீவில் ரிஸ்வானோடு கட்டட வேலை செய்த கூட்டாளி. "வாப்பா, ரிஸ்வான் சாரத்துல இருந்து விழுந்து மௌத்தாகிட்டான். ஊருக்கு அனுப்ப நாள் செல்லுமாம். இங்கயே அடக்கவா?"

மையித்தைக் காக்கவைக்கக் கூடாது. அது ஒன்றுதான் என் தலைக்குள் இருந்தது. "அடக்கிருங்க" என்றேன். பெற்றவள் நீ பத்தடி தூரத்தில் இருந்தாய், உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "யாரு போன்ல?" என்றாய். "யாருமில்ல" என்றேன். அஸர் தொழுகைக்குப் பிறகு நான் சொன்னபோது அவன் மண்ணுக்குள் போயிருந்தான். "மொகத்தப் பாக்க ஏலாதுண்டு முடிவெடுக்க நீங்க யாரு?" என்று கேட்டாய்.

அதற்குப் பிறகு நீ கேட்டதெல்லாம் ஒன்றுதான். "அவன்ட தலமாட்டுல என்ன மரம்?" தென்னை என்றேன். "அப்ப வெயில் படாது" என்று ஆறுதல்பட்டாய். முனீரா, அது பொய். அங்கே மரமில்லை, மணலும் கடலும்தான் என்று அந்தக் கூட்டாளி அப்போதே சொல்லியிருந்தான். நீ உயிரோடு இருக்கையிலேயே போயிருக்கலாம். வருஷத்துக்கு ஒரு சாட்டுச் சொன்னேன். மூட்டு வலி என்றேன், மிளகு பறிக்கிற காலம் என்றேன். நீ வந்து தென்னையைத் தேடுவாயே என்ற பயம்.

போன மாதம் அந்தக் கூட்டாளி மறுபடி போன் எடுத்தான். "வாப்பா, கடல் மையவாடி மதில ஒடச்சிருச்சி. ரெண்டு வரிசை கபுறு போயிருச்சி. ரிஸ்வான் மூணாவது வரிசை. வாறதெண்டா இந்த மழைக்கு முந்தி வாங்க."

மையித்தைக் குழிக்குள் வைத்ததும் சுற்றி நிற்பவர்கள் மூன்று பிடி மண் போடுவோம். அலுவிகாரையில் பஸ்ஸில் அடிபட்டுச் செத்த, பெயர் தெரியாத ஒரு வழிப்போக்கனுக்குக் கூட நான் போட்டிருக்கிறேன். என் மகனுக்குப் போடவில்லை. உனக்குப் போடவில்லை. அங்கே போய் ஆறு பிடி போடுவேன், அவனுக்கு மூன்று, உனக்கு மூன்று.

பரீதா எழுதுவதை நிறுத்திவிட்டாள். "உம்மாவுக்கு அங்க போட ஏலுமா வாப்பா? மௌலவிட்ட ஒரு வார்த்த கேப்பமே."

"கேட்டா ஏலாண்டுருவாரு. கேக்காமப் போறேன். நீ எழுது."

மழைக்கு முன் போய்விடுவேன், முனீரா. தலைமாட்டில் என்ன இருக்கிறது என்று இந்த முறை உள்ளதை உள்ளபடி வந்து சொல்வேன். கடல் எனக்கு முந்திக்கொண்டிருந்தால் அதையும் மறைக்க மாட்டேன்.

அந்தக் கபுறில் பெயர் எழுதிய கல் இல்லை. இருந்தாலும் என்னால் வாசிக்க முடியாது. யாராவது கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்ட வேண்டும். அவனைக் குளிப்பாட்டிக் குழிக்குள் இறக்கியவர்கள் மூன்று பேர். கலேவெலக்காரன் நெஞ்சுவலியில் போனான். மற்றவன் மீனுக்குப் போன தோணியோடு திரும்பவில்லை. இடத்தைக் காட்ட, அன்றைக்கு எனக்குப் போன் எடுத்த அந்தக் கூட்டாளி மட்டும் உயிரோடு இருக்கிறான். உக்குவளைக்காரன் நிசார்.

உன் மாப்பிள்ளை,
ரிஸ்வானின் வாப்பா