பால் வராத பதினோராம் நாள்

நேற்று மாலை உன் மகள் சைனிக்புரியிலிருந்து ஸ்கூட்டரில் வந்திருந்தாள். துணிப்பையிலிருந்து ஒரு சாமானை எடுத்து என் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தாள். டம்ளருக்குள் விட்டுத் தண்ணீர் கொதிக்க வைக்கும் அந்தக் காயில் ஹீட்டர். சுருளில் வெள்ளையாக உப்புப் படிந்திருக்கிறது. ப்ளக்கில் ஒரு முள் இன்னும் ஆடுகிறது. வயரில் நூல் கட்டி ஒரு அட்டைத் துண்டு தொங்க, அதில் உன் கோழிக்கிறுக்கல்: "கெட்டது. காரணம்: நான். அழிக்க நக்கோ."

உன் அலமாரியை ஒழிக்கும்போது கிடைத்ததாம். அட்டையின் பின்பக்கம் என் பெயர் இருந்ததாம். அவள் தமிழைப் புரிந்துகொள்கிறாள், பதில் மட்டும் இங்கிலீஷில் வருகிறது. இது என்ன ஜோக், ஆன்ட்டி என்று கேட்டாள். சுருக்கமாகச் சொல்லி அனுப்பினேன். முழுக்கதையையும் உனக்கே எழுதுகிறேன். உனக்குத் தெரியாதது இதில் ஒன்றும் இல்லை. ஆனால் நீ இருந்த வரைக்கும் ஒரு தடவைகூட என்னை இதைக் குறுக்கே பேசாமல் சொல்லி முடிக்க விட்டதில்லையே.

எண்பதுகளின் நடுப்பகுதி. நான் லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து இரண்டு பஸ் மாறிப் பல்கலைக்கழகத்துக்கு வருவேன். அப்பா ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். எனக்கு வானியல் துறையில் கம்ப்யூட்டர் உதவியாளர் வேலை. நீ மாரெட்பள்ளியிலிருந்து வரும் ஆராய்ச்சி மாணவி. எனக்கும் உனக்கும் ஒரே வயது என்று தெரிந்த அன்றே மேடம் போய் வாடி போடி ஆகிவிட்டது. உங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத். உன் தமிழில் பாதிக்குமேல் தெலுங்கும் உருதுவும், வேண்டாம் என்பதற்குக்கூட நக்கோ என்பாய். எங்கள் வீட்டு ஆற்காட்டுத் தமிழைக் கேட்டு நீ சிரிப்பாய், உன் தமிழைக் கேட்டு என் அம்மா சிரிப்பாள்.

நமக்கு வானத்தைப் பார்க்கும் வேலை என்று ஊரில் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். பார்த்ததெல்லாம் பச்சைத் திரையில் புள்ளிகளைத்தான். மலைமேல் இருந்த ரேடியோ தொலைநோக்கியில் பதிவானதை டேப் சுருள்களாகப் பெட்டியில் போட்டு அனுப்புவார்கள். நம் ஊர் அரசு ஆலையில் செய்த கம்ப்யூட்டரில் அதை ஏற்றினால், ஒரு புள்ளிக்குப் பத்து விநாடி என்று வானம் வரிசையாக வந்து உட்காரும். அதோடு மின்னல் வரும், லாரி இன்ஜின் வரும், எங்கோ வெல்டிங் வைப்பவன் வருவான், காற்றில் நின்றுபோன ஆன்டெனா வரும். கெட்டதை நல்லதிலிருந்து பிரிப்பதுதான் நம் பிழைப்பு. ஒருத்தி, பதிவின்போது அங்கே நடந்ததையெல்லாம் குறித்து வைத்த லாக் புக்கைப் படிக்க, இன்னொருத்தி விசைப்பலகை ஓரத்திலிருந்த இரண்டு சின்னச் சக்கரங்களைத் திருப்பி, திரையில் குறுக்குக் கோடுகளை நகர்த்தி, கெட்ட புள்ளிகளைச் சுற்றி ஒரு பெட்டி போடுவாள். உடனே இயந்திரம் காரணம் கேட்கும். நாம் இங்கிலீஷ் எழுத்தில் மழை, இடி, மாடு என்று தமிழில் அடிப்போம். தெலுங்குக்காரரான உன் கைடு சார், இதெல்லாம் என்ன பாஷை என்று தலையில் அடித்துக்கொள்வார்.

சேர்ந்த புதிதில் எனக்கு அவசரம். அசிங்கமாக ஒரு கூர்முனை தெரிந்தால் ஒரேயடியாக அழித்துவிட்டு அடுத்ததற்குப் போகப் பார்ப்பேன். நீ கையைப் பிடித்துக்கொள்வாய். "அழிக்க நக்கோ. ஃப்ளாக் போடு, போதும்." ஃப்ளாக் என்றால் அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் ஒரு கொடி, அவ்வளவுதான். புள்ளி அங்கேயே இருக்கும். கணக்கில் சேராது. நாளைக்கு நாம் நினைத்தது தப்பு என்று தெரிந்தால் கொடியை எடுத்துவிடலாம். இதை நீ எனக்குக் குறைந்தது நாற்பது தடவை சொல்லியிருப்பாய். எனக்குக் கோபம் வரும், உனக்குச் சலிக்கவே சலிக்காது.

நல்லது எது, கெட்டது எது என்று சந்தேகம் வந்தால் நமக்கு ஒரு சோதனை உண்டு. நட்சத்திரங்கள் தினமும் நான்கு நிமிடம் முன்னதாக வரும். மனுஷர்கள் கடிகாரப்படி நடப்பார்கள். தினம் பத்து மணிக்கே வரும் சத்தம் ஏதாவது ஒர்க்‌ஷாப்புடையது, தினம் நான்கு நிமிடம் முந்திக்கொண்டு வருவது வானத்துடையது. அப்படித்தான், திரையில் புள்ளிகள் குவிந்து எழும்பிய உன் மேடு கிடைத்தது.

நீயே மலைக்குப் போய் இருபது நாள் தங்கி எடுத்த பதிவு அது. முதல் நாள் பத்தரை மணிக்கு ஒரு மேடு, ஐந்து நிமிடம் நின்று இறங்கியது. மறுநாள் நான்கு நிமிடம் முன்னால். அதற்கு மறுநாள் இன்னும் நான்கு நிமிடம். பதினோராம் நாள் மட்டும் காணோம், பன்னிரண்டாம் நாள் திரும்ப வந்துவிட்டது. ஒரு நாள் மங்கிப்போய் மறுபடி எழுகிற ஏதோ ஒன்று. நாற்காலியோடு திரும்பி, "இது நம்ம ஆளு இல்லடி, மேலே இருக்கிற ஆளு," என்றாய். சார் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். பெங்களூர்க் கருத்தரங்கில் நீ பேசுவதென்று முடிவானது. நான்கு வருட ஆராய்ச்சியில், இந்த மேட்டைப் பற்றிய நான்காம் அத்தியாயம்தான் உன் ஆய்வேட்டுக்கு உயிர் என்று ஆனது. மார்ச்சோடு உன் உதவித்தொகை முடிகிறது. அதற்குள் எழுதிக் கொடுத்தாக வேண்டும்.

கருத்தரங்குக்கு மூன்று வாரம் இருக்கும்போது பதினோராம் நாளின் படம் ஒன்று நன்றாக வரைந்து தரச் சொன்னாய். அன்றைக்கு மழையோ காற்றோ இருந்ததா என்று பார்க்க லாக் புக்கைப் புரட்டினேன். நீ எல்லாவற்றையும் எழுதி வைப்பவள், காக்கா உட்கார்ந்ததைக்கூட விடமாட்டாய். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் இருந்தது: "பால்காரர் வரவில்லை. டீ இல்லை. யாரோடும் பேசப்போவதில்லை."

முதலில் சிரித்தேன். பிறகு அந்த வரியை மறுபடி படித்தேன். உன் பதிவு நட்சத்திரம் எழும் நேரத்தை ஒட்டித் தினமும் நான்கு நிமிடம் முன்னால் தொடங்கும். தொடங்கி இருபது நிமிடம் நீ எல்லாவற்றையும் சரிபார்ப்பாய். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் வேலை இருக்காது, பக்கத்து அறையில் டீ போடப் போவாய். பால் வந்த பத்தொன்பது நாளும் உன் டீயும் நட்சத்திர நேரத்தில்தான் கொதித்திருக்கிறது. உன் காயிலின் ப்ளக் ஆடும், பொறி பறக்கும் என்று நீயே ஒரு தடவை சொல்லியிருந்தாய்; வெல்டிங் பொறி போலவே அதுவும் பதிவில் ஏறும். மேடு எந்த ஆன்டெனாக்களில் பெரிதாக இருக்கிறது என்று எடுத்துப் பார்த்தேன். அந்த அறைக்குப் பக்கத்தில் இருந்த மூன்றில்.

இரண்டு நாள் நான் சொல்லவில்லை. இதை இப்போதும் வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். பஸ்ஸில் வரும்போது சொல்லிவிடுவது என்று வருவேன், நீ பெங்களூருக்கு எந்தப் புடவை என்று கேட்பாய், நான் நீலம் என்பேன். சொல்லாமலே விட்டால் யாருக்கும் தெரியாது. அந்த லாக் புக்கைத் தமிழ் தெரிந்தவர்கள்தான் படிக்க முடியும், அங்கே தமிழ் தெரிந்தது நம் இரண்டு பேருக்குத்தான். அந்த நினைப்பே என்னைத் தூங்கவிடவில்லை.

மூன்றாம் நாள் காலையில் லாக் புக்கைத் திறந்து டெர்மினல் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்து நின்றேன். நீ வந்தாய். படித்தாய். திரையைப் பார்த்தாய். திரும்பப் படித்தாய்.

"எப்ப பாத்தே இதை?"

"முந்தாநாள்."

"முந்தாநாளா? கைக்குடி, ஏன்டி ரெண்டு நாளு வாயை மூடிக்கிட்டு இருந்தே?"

"நாலு வருஷம்டி உனக்கு," என்றேன்.

"அதுக்கு? தப்புன்னு தெரிஞ்சும் மீதிப் படத்தையெல்லாம் என்னை ரெண்டு நாளு வரைய விட்டியே."

உன் கோபமெல்லாம் அந்த இரண்டு நாளுக்குத்தான். நான்கு வருஷத்தைப் பற்றி நீ ஒரு வார்த்தை பேசவில்லை. நேரே சார் அறைக்குப் போய் மலைக்கு ட்ரங்க் கால் போட்டாய். நீ அந்தக் காயிலை அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தாய். அங்கே பணியில் இருந்தவரிடம், பதிவு ஓடும்போதே பக்கத்து அறையில் அதைச் சொருகச் சொல்லிவிட்டு, ரிசீவரை நம் இரண்டு பேர் காதுக்கும் நடுவில் பிடித்தாய். சார் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார்ட்டுத் தாள்ல பேனா மேல போகுது மேடம்," என்றது அந்தக் குரல். கொஞ்ச நேரம் இரைச்சல். "ஆளை விட்டு ப்ளக்கைப் பிடுங்கச் சொன்னேன். இறங்கிடுச்சு. இன்னொரு வாட்டி போடவா மேடம்?"

"நக்கோ, போதும்," என்றாய், அவருக்கு அந்த வார்த்தை புரியாது என்பதையும் மறந்து.

அன்று மதியம் சக்கரங்களை நீ எடுத்துக்கொண்டாய். நான் லாக் புக்கைப் படித்தேன். பத்தொன்பது நாள், பத்தொன்பது பெட்டி. இயந்திரம் ஒவ்வொரு தடவையும் காரணம் கேட்டது, ஒவ்வொரு தடவையும் நீ "நான்" என்று அடித்தாய். ஏழாவது பெட்டியில் உன் மூக்கு சிவந்தது. பன்னிரண்டாவதில் உனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீ இல்லாட்டி பெங்களூர்ல மைக் முன்னாடி நின்னு என் டீயைப் பத்திப் பேசியிருப்பேன்டி," என்றாய். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. நீ என்னை விட்டுப் போய்விடுவாய் என்று இரண்டு நாளாகப் பயந்துகொண்டிருந்தேன் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

பெங்களூர்ப் பேச்சு ரத்தானது. சார் ஒரு வாரம் உம்மென்று இருந்துவிட்டு, பிறகு உன் உதவித்தொகைக்கு எட்டு மாத நீட்டிப்பு வாங்கித் தந்தார். பால் வராத அந்த ஒரு நாள் சுத்தமாக இருந்ததால், அந்த ஐந்து நிமிடத்தில் உண்மையிலேயே வானத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க முடிந்தது. ஏற்கெனவே எல்லாருக்கும் தெரிந்த, மங்கலான ஒரு ரேடியோ அலை மூலம், எந்த நாளும் மாறாதது. அதை ஒழுங்காக அளந்து எழுதினாய். நான்காம் அத்தியாயம் ஆறு பக்கமாகச் சுருங்கியது. பட்டம் கிடைத்தது. அடுத்த டேப் பெட்டியோடு மலையிலிருந்து அந்தக் காயிலும் வந்து சேர்ந்தது, ஒரு கிலோ டீத்தூளோடு. அனுப்பியவருக்கு நல்ல குசும்பு.

அதற்குப் பிறகு நாற்பது வருஷத்துக்குப் பக்கம் ஓடிவிட்டது. உனக்குக் கல்யாணம், எனக்குக் கல்யாணம், உனக்கு வகுப்புகள், எனக்கு வங்கி வேலை. ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் என்னிடம் எதையாவது மென்று விழுங்கினால் கண்டுபிடித்துவிடுவாய், "ரெண்டு நாளு ஆச்சா?" என்பாய். போன வருஷம் ஆஸ்பத்திரியில் ரிப்போர்ட் வந்த அன்றே, அடுத்த மணி நேரத்திலேயே, என்னைக் கூப்பிட்டுச் சொன்னாய். ரெண்டு நாளு வெச்சுக்கல பாரு என்று அதிலும் ஒரு பெருமை.

உன் கடைசி நான்கு மாதத்தைச் சுற்றி நான் ஒரு பெட்டி போட்டிருக்கிறேன். குழாய்கள், மெலிந்த மணிக்கட்டு, என்னை அடையாளம் தெரியாமல் பார்த்த அந்த ஒரு காலை. எல்லாம் அங்கேயே இருக்கிறது, எதையும் அழிக்கவில்லை. காரணம் என்ற இடத்தில் நோய் என்று எழுதியிருக்கிறேன், நீ என்று எழுதவில்லை. உன்னை நினைக்கும்போது அந்தப் பெட்டியைச் சேர்க்காமல் மீதி எல்லா வருஷங்களையும் எடுத்துக்கொள்கிறேன். மீதி எவ்வளவு நிறைய இருக்கிறது தெரியுமா உனக்கு.

இன்று காலை என் சமையலறையில் டிரான்சிஸ்டர் பாடிக்கொண்டிருந்தது. டம்ளரில் தண்ணீர் எடுத்து, உன் காயிலை விட்டு, ப்ளக்கைச் சொருகினேன். பாட்டு போய்க் கரகரவென்று இரைச்சல் வந்தது. என் வீட்டுக்காரர் உள்ளே இருந்து, ரேடியோ கெட்டுப்போச்சா என்று கேட்டார்.

இல்லை, அவள்தான் என்றேன். தண்ணீர் கொதிக்கும் வரை ரேடியோவை அணைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.