பத்தாவது தாண்டாத டாக்டர்

நீ கேட்டிருக்க அந்தப் பத்திரிகை டாக்டரோட அட்ரஸ் உனக்கே தெரியும்டி, நீ பொறந்து வளந்த வீடுதான். நீ பிரஸ்லதானே இருக்கம்மா, அவரைப் பாத்து வேற என்ன டெஸ்ட் எடுக்கணும்னு கேட்டுச் சொல்லுன்னு எழுதியிருக்கியே, பாத்துட்டேன். தினமும் தலை சீவும்போது கண்ணாடியில பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். டாக்டர்னு ஒருத்தரும் கெடையாது. நான்தான் அது.

நாங்க நல்லா இருக்கோம், நீ நல்லா இருக்கியான்னு கேட்டுத்தான் ஆரம்பிக்கணும், ஆனா நல்லா இல்லன்னு நீயே நாலு பக்கம் எழுதினதுக்கு அப்புறம் அதை எந்த வாயால கேக்கறது. உங்கப்பா நல்லா இருக்காரு. முன் ரூம்ல சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கிட்டிருக்காரு. பக்கத்து எலெக்ட்ரீஷியன் வீட்டுலேருந்து நாலு நாற்காலி கேட்டு வாங்கிப் போட்டிருக்கு, ஒண்ணு ஆடுது, அதுக்குக் கீழ அட்டையை மடிச்சு வச்சிருக்காரு. நாலு மணிக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வராங்க, முடிவா ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போக. சரின்னு சொல்லிடுங்கன்னு நீ எழுதின அந்த ஒரு வரியை மட்டும்தான் அப்பாவுக்குப் படிச்சுக் காட்டினேன். மிச்சத்தை அடுப்பு மேடையில வச்சு மூணு தடவ படிச்சேன், பால் பொங்கி வழிஞ்சு உன் ரெண்டாவது பக்கம் பூரா ஈரம். போன்லயே சொல்லலாம்தான். நீ அழுதா நான் வச்சிடுவேன், என்னைப் பத்தி எனக்குத் தெரியும், அதான் எழுதறேன்.

பிரஸ்ஸுல கீழ மெஷின் ஓடறதை நீ பாத்திருக்க, மாடியில நடக்கறதைப் பாத்ததில்ல. நெஜமாவே ஒரு டாக்டர் ஒரு வருஷம் நம்ம வாரப் பத்திரிகையில அந்தக் கேள்வி பதில் பக்கத்தை எழுதினாரு, அப்புறம் ஊரை விட்டுப் போயிட்டாரு, லெட்டர் வர்றது மட்டும் நிக்கல. முதலாளி லெட்டர் கட்டை என் மேஜையில தூக்கிப் போட்டு, நீதான் வாய்க்கு வந்ததை நறுக்குன்னு சொல்றவ, எழுதிப் போடுன்னாரு. எனக்கும் உக்காந்த இடத்துல கம்ப்யூட்டர்ல அடுத்தவங்க எழுதினதை அடுக்கிப் பக்கம் கட்டிக் கட்டி அலுத்துப் போயிருந்தது. பத்தாவதுல ரெண்டு தடவ கோட்டை விட்டுட்டு, பதினேழுல உன்னைப் பெத்துட்டு, பிரஸ்ஸுக்கு வர்றதுக்கு முன்ன எந்த வேலையிலயும் எட்டு மாசம் நிக்காம ஓடினவ நான். அப்படிப்பட்டவளைக் கூப்பிட்டு இன்னிலேருந்து நீ டாக்டர்னா விடுவேனா. ரெண்டு வருஷம் வெளுத்து வாங்கினேன். முடி கொட்டறது, கெட்ட கனவு, புருஷன் குறட்டை, எல்லாத்துக்கும் என்கிட்ட பதில் இருந்தது.

உன் லெட்டர் வந்தது ஒரு டீ நேரத்துல. பேரு போடல, வயசு பதினஞ்சுன்னு மட்டும் போட்டு, இடது கையால எழுதியிருந்த போல, எழுத்து பூரா குடிச்சவன் நடை. பக்கத்துல உக்கார்ற தோழி கை மேல பட்டா பாடம் காதுல ஏறமாட்டேங்குது, அவ வேற பெஞ்சுக்குப் போனா சோறு இறங்கமாட்டேங்குது, மத்த பொண்ணுங்க பசங்களைப் பத்திப் பேசும்போது கூடச் சேந்து சிரிக்க மட்டும்தான் வருது, இது வியாதியா வயசா, எனக்கே தெரியல டாக்டர்னு. அதை நான் சத்தமா படிச்சேன்டி. மூக்கால பேசிக்கிட்டு, கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டி. மெஷின்மேனுக்கு டீ புரை ஏறிடுச்சு. பைண்டிங் அக்கா ஓடி வந்து, எனக்காக இன்னொரு தடவன்னா, இன்னொரு தடவயும் படிச்சேன். சிரிப்பு அடங்கறதுக்குள்ள பதிலை அடிச்சு முடிச்சிட்டேன். ‘இது பருவக் கோளாறு. இருபத்தொரு வயதுக்குள் தானாகச் சரியாகிவிடும். ஆகாவிட்டால் திருமணம் சரிசெய்யும்.’ உனக்கு இருபத்தொண்ணு முடியப் போகுது, இன்னும் சரியாகலயேன்னு எழுதியிருக்க. அந்த நம்பர் எங்கேருந்து வந்ததுன்னு சொல்றேன் கேளு. ஏதோ ஒரு வயசு போடணும்னு கம்ப்யூட்டரை நிமிந்து பாத்தேன், பக்க எண் இருபத்தொண்ணுன்னு இருந்தது. அவ்வளவுதான் உன் வைத்தியம்.

அப்புறம் அந்தத் தாளைக் கசக்கப் போகும்போது ஓரம் விரல்ல தட்டுச்சு. பின் ரூம்ல சும்மா கெடந்த பழைய கட்டிங் மெஷினுக்கு பிளேடு ஒரு இடத்துல உடைஞ்சிருந்தது, அதுல வெட்டினா தாளோட ஓரத்துல மயிரிழை மாதிரி ஒரு மேடு நிக்கும், கண்ணுக்குத் தெரியாது, தடவினாத்தான் தெரியும். அந்த மெஷினைத் தொடறது நான் ஒருத்திதான். வேஸ்ட் தாளை அதுல வெட்டித் தைச்சு உனக்கு ரஃப் நோட்டு கொண்டுவந்து குடுப்பேனே, அதுக்கு மட்டும்தான். நாலு ஓரத்தையும் தடவிப் பாத்தேன். மெஷின்மேன் இன்னும் சிரிச்சுக்கிட்டு இருந்தான். நானும் சிரிச்சேன்.

இதுக்கு மேலதான் நீ உக்காந்து படிக்கணும். பக்கம் அச்சுக்குப் போக இன்னும் மூணு மணி நேரம் இருந்தது. அழிச்சிருக்கலாம், குறட்டை லெட்டர் ஒண்ணை அந்த இடத்துல போட்டிருக்கலாம். நானோ கூடுதலா ரெண்டு வரி சேத்தேன். ‘இதை வீட்டில் யாரிடமும் சொல்லாதீர்கள். உங்கள் தாயாருக்குத் தெரிந்தால் அவர் உயிரோடு இருக்கமாட்டார்.’ நீ வந்து என்கிட்ட சொல்லிடுவியோன்னு பயம். சொன்னா நான் பதிலுக்கு ஏதாவது சொல்லணுமே. அந்த வாரப் பத்திரிகையை நானே உன் மேஜையில வச்சிட்டு, கதவு இடுக்குல நின்னு பாத்தேன். நீ நின்னுக்கிட்டே படிச்ச, மடிச்ச, வந்து என்னைப் பாத்துக்கிட்டே சாப்பிட்ட, வழக்கத்துக்கு மேல ஒரு கரண்டி வாங்கிக்கிட்ட. அப்பாடா, தீந்துதுன்னு நெனச்சேன். நீ என்னடான்னா அன்னிலேருந்து ஆறு வருஷமா என் உயிரைக் காப்பாத்திக்கிட்டு இருந்திருக்க.

இன்னொண்ணும் இருக்கு, எழுதிடறேன். உன் பக்கத்துல உக்காந்த அந்தத் தோழி, வாட்ச் ரிப்பேர்க்காரர் பொண்ணு, ஏன் திடீர்னு என்கிட்ட பேசறதில்லன்னு ஆறு மாசம் கேட்டுக் கேட்டு அழுதியே. அவங்க கடைக்குப் போனேன். என் பொண்ணுக்குத் தோல்ல ஒரு தொத்து நோய், வெளிய சொல்லாதீங்க, உங்க பொண்ணைத் தள்ளி உக்காரச் சொல்லுங்கன்னு அந்த மனுஷன்கிட்ட சொன்னேன். அவரு கண்ணுல மாட்டியிருந்த லென்ஸைக் கூடக் கழட்டாம, பாவம் குழந்தைன்னாரு. வெளிய சொல்லாதீங்கன்னு சொன்னா சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியாதா. அடுத்த வாரம் கிளாஸே உன்னைத் தள்ளி வச்சுது, ஒரு வருஷம் கடைசி பெஞ்சுல தனியா உக்காந்த. நீ படிப்புல கவனம் வந்து முன்னேறிட்டன்னு நான் எல்லார்கிட்டயும் பெருமை அடிச்சேன்.

எனக்கு மனசு மாறிடுச்சு, எல்லாம் பிடிச்சுப் போச்சுன்னு நெனைக்காத. பிடிக்கல. ஆனா லேப்ல அடுத்தவங்க ரத்தத்தைக் குத்தி எடுக்கறவ, கதவைச் சாத்திக்கிட்டு உன் கையில நீயே ஊசி போட்டு ஹார்மோன் டெஸ்ட் பாத்து, எல்லாம் நார்மல்தாம்மா, அப்ப கோளாறு எங்க இருக்குன்னு எழுதியிருக்க பாரு, அதை மட்டும் என்னால தாங்க முடியல. கோளாறு பிரஸ் மாடியில நான் உக்காந்த மூணாவது மேஜையில இருந்ததுடி. உனக்கு என்னன்னு எனக்குத் தெரியாது, உனக்கே இன்னும் சரியா தெரியலன்னா மெதுவா தெரிஞ்சுக்கோ. யாரும் உனக்குத் தேதி குறிக்கல. என்னை நம்பி ஒரு ஆம்பளையைக் கட்டிக்காத, அவனும் ஒரு வீட்டுப் பிள்ளைதான், அவன் என்ன பாவம் பண்ணினான்.

டாக்டர் பதிலை வெட்டி வச்சிருந்து இப்ப நீ அனுப்பின பழைய பேப்பர் துண்டை நான் வச்சுக்கறேன். அதுக்குப் பதிலா உன் பதினஞ்சு வயசு லெட்டரை இதுக்குள்ள வச்சிருக்கேன், அன்னிக்குக் கசக்காம எடுத்து வச்சதுதான். நம்பலன்னா ஓரத்தைத் தடவிப் பாரு. இரும்புச் சத்து மாத்திரையை நிறுத்தாத. இனிமே உன் ரத்தத்தை நீயே எடுக்காத. நல்லா இருன்னு வாழ்த்தறதுக்கு எனக்கு யோக்கியதை இருக்கான்னு தெரியல, இருந்தாலும் நல்லா இரு. லீவு கெடச்சா வா, வந்து ரெண்டு அறை விட்டாலும் வாங்கிக்கறேன்.

வந்துட்டாங்க போல, அப்பா வாங்க வாங்கன்னு சொல்றாரு, நாற்காலி இழுக்கற சத்தம் கேக்குது. அந்தத் தொத்து நோய் பொய் இன்னும் கைவசம் இருக்கு, சொன்னா ரெண்டே நிமிஷத்துல எழுந்து போயிடுவாங்க. அதைச் சொல்லமாட்டேன். என் பொண்ணுக்கு இஷ்டமில்லன்னு சொல்லப் போறேன், ஏன்னு கேட்டா மறுபடியும் அதையேதான். உங்கப்பா மூஞ்சியைத்தான் எப்படிப் பாக்கறதுன்னு தெரியல. கூப்பிடறாரு. நான் போகணும்.

அம்மா