துண்டுக்குள் மூடிய கை

அன்பான ஸ்டெல்லாக்கா,

நீ மாதா காலடியில் நிம்மதியாக இருப்பாய். எனக்குத்தான் இங்கே இருப்புக்கொள்ளவில்லை. உன் மாடு ரோசியை விற்கப் பேசுகிறார்கள்.

உன்னை அடக்கம் செய்துவிட்டு வெளியூர் திரும்பும்போது உன் பிள்ளைகள் மாட்டுக் கயிற்றை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். ரோசியை லெச்சுமி என்று நான் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கிறாள். ஆனால் கறவை நின்றுவிட்டது, சினையும் பிடிக்கவில்லை. வீட்டு வரவு செலவு எழுதுகிறவள் நான். எங்கள் வீட்டுக்காரர் விற்கச் சொல்வதைத் தப்பென்று எப்படிச் சொல்வேன்?

முந்திரிக்கொட்டை பொறுக்கிக்கொண்டே நாம் இங்கிலீஷ் படித்தோமே, ஞாபகமிருக்கா? அகராதியில் அப்ரைஸ், இவால்யுவேட், அப்ரிஷியேட், செரிஷ் என்று எதைப் பார்த்தாலும் 'மதிப்பிடு, மதி' என்றே இருந்தது. நீதான் ரோசியை வைத்துப் பிரித்துக் காட்டினாய். "தரகர் பல்லைப் பாத்து விலை சொல்றாருல்ல, அது அப்ரைஸ். மாட்டு டாக்டரு வயசு, நோவு எல்லாம் பாத்து, வெச்சுக்கலாமா வேணாமான்னு சொன்னா இவால்யுவேட். எம் மாட்டுப் பாலுல டீ குடிச்சிட்டு, நல்லாருக்குன்னு ஒருநாளாவது சொன்னியா? அதான்டி அப்ரிஷியேட்!"

"அப்ப செரிஷ்?"

"அதை எப்புடி மாட்டை வெச்சுக் காட்டுறது? யோசிச்சு சொல்றேன் இரு."

சொல்லாமலே போய்விட்டாய்.

நேற்று மீன்சுருட்டியிலிருந்து மாட்டுத் தரகர் வந்தார். பல்லைப் பார்த்தார். தோள் துண்டை எடுத்தார். துண்டுக்குள் விரலைப் பிடித்துத்தானே அவர்கள் விலை பேசுவார்கள்! எங்கள் வீட்டுக்காரருக்கு முந்தி நான் கையை நீட்டிவிட்டேன்.

"பொம்பளைங்ககிட்ட துண்டு போடுறதில்லம்மா."

"கையைப் பிடிக்க வேணாம். மேல போடுங்க போதும்."

சிரித்துக்கொண்டே போட்டார். உள்ளே கையை இறுக மூடிக்கொண்டேன். துண்டுக்கு மேலேயே ஒரு விரலால் தட்டிப் பார்த்தவர் சிரிப்பை நிறுத்தினார்.

"என்னம்மா, ஒரு விரலும் காணோம்? இதுக்கு என்ன விலை?"

"விலை இல்லீங்க. போயிட்டு வாங்க."

"மாட்டை விக்கலாம்னு நான் சொன்னா, இவ கோயில் கட்டிடுவா போலருக்கு" என்று எங்கள் வீட்டுக்காரர் உள்ளே போனார். இன்னும் என்னோடு பேசவில்லை.

அக்கா, செரிஷுக்கு நீ யோசித்துச் சொல்கிறேன் என்றது இதைத்தானா? இல்லை, வெறும் பிடிவாதமா? கோடைத் தீனிக்கு என்ன செய்வேன்? பிரதோஷத்துக்குத் திருமழபாடி கோயிலுக்குப் போய் நந்தி காதில் சொல்லிக் கேட்கப்போகிறேன். நீயும் உன் மாதாவிடம் ஒரு வார்த்தை சொல்லி வை.

வழி பிறந்தாலும் பிறக்காவிட்டாலும், என் கையில் இருக்கிற கயிறு வேறு கைக்குப் போகாது.

இப்படிக்கு,
இன்றைக்கும் உன் மாட்டுப் பாலை வாய்விட்டுப் பாராட்டாத
பக்கத்து வூட்டுத் தங்கச்சி,
செல்வி