முகம் இல்லாத ஆறாம் நிலை

9 மார்ச் 2025, ஞாயிறு

மதியச் சாப்பாட்டுக்கு இருந்தவர்கள்: அவர், மகள் லினெட், கொழுந்தன் மார்ட்டின், ஓரகத்தி மெரின், நான். நான் வரைந்துகொண்டிருக்கும் ஆண்டவர் கூடத்து மூலையில் ஊதாத் துணிக்குள் இருந்தார்.

மார்ட்டின் விடவில்லை. “இன்னா அண்ணி, மீன் கூடைக்குப் போத்தறாப்புல போத்தி வச்சிருக்கீங்க? தெறங்க, பாப்போம்.”

“தவக்காலம்டா. சுரூபம், படமெல்லாம் மூடித்தான் வைக்கணும்.”

கோயிலிலேயே கடைசி இரண்டு வாரம்தான் மூடுவார்கள். நான் ஒரு மாதம் முந்திக்கொண்டேன். ஏன் இவ்வளவு சீக்கிரம் என்று ஒருவரும் கேட்கவில்லை. பக்தி என்று நினைத்துக்கொண்டார்கள். சீ.

கருவடிக்குப்பத்தில் கட்டியிருக்கும் புதுக் கெபிக் குகையைச் சுற்றி மாட்டச் சிலுவைப்பாதைப் படங்கள் பதினான்கு. எங்கள் கோயில் பங்கில் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டோம். எனக்கு ஆறாம் நிலை – வெரோணிக்கம்மாள் ஆண்டவரின் முகத்தைத் துடைக்கிறாள். தெரு, கூட்டம், சிலுவை, அவள் கையில் துணி, எல்லாம் முடிந்தது. துடைக்க முகம்தான் இல்லை.

மூன்று தடவை வரைந்து மூன்று தடவை சுரண்டினேன். தோல் நிறத்துக்கு வாங்கிய இரண்டு ட்யூபும் சுரண்டலாகக் குப்பைக்குப் போயின. பீரோவுக்குப் பின்னால் முடிக்காமல் செருகி வைத்த பழைய படங்களைப் பார்க்கவே பிடிக்கவில்லை. கை இல்லாத அந்தோணியார். பாதி மாதா. யாரிடமும் கற்கவில்லை, தானாகவே வரைகிறாள் என்று வீட்டில் என்னைப் பற்றிப் பெருமை வேறு.

14 மார்ச், வெள்ளி

சிலுவைப்பாதை. ஆறாம் நிலையில் எல்லோரும் முழந்தாளிட்டார்கள். நான் ட்யூப்லைட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

19 மார்ச், புதன். சூசையப்பர் திருநாள்

பூசை முடிந்து வந்து உட்கார்ந்தேன். முகம் வந்தது. பளபளவென்று, சுருள் முடியோடு, ரோஸ் உதட்டோடு.

லினெட் காலேஜ் பையை இறக்கக்கூட இல்லை. “அம்மா, எண்ணெய் தேச்சுத் தலைக்கு ஊத்திக்கினு வந்தவரு மாதிரி இருக்காரு.”

நாலாவது தடவை சுரண்டினேன். நகக்கண்ணெல்லாம் ரோஸ். சோறு பிசைய அருவருப்பாக இருந்தது.

சிலுவையோடு கீழே விழுந்து, கன்னத்தில் அடி வாங்கி, எச்சில் துப்பப்பட்ட முகம் அது. அது எனக்குத் தெரியாதா? தெரியும். அழகாக இல்லாவிட்டால் சனங்கள் என்னைக் குறை சொல்வார்கள். அந்தப் பயத்தில் ஆண்டவருக்குப் பவுடர் போடுகிறேன்.

30 மார்ச், ஞாயிறு

சொல்லாமல் கொள்ளாமல் ஃபாதரும், கெபி வேலையைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டெல்லா மதாமும் வந்துவிட்டார்கள். நான் காப்பி கலக்கப் போன நேரத்தில் மதாம் துணியைத் தூக்கிவிட்டார்.

டபரா கையில் சுட்டது. அவ்வளவுதான், மானம் போச்சு என்று நின்றேன்.

“மோன் தியே, கடவுளே,” என்றார் மதாம். “மொகமே வைக்கல பாருங்க, ஃபாதர். எவ்ளோ ஆழமா யோசிச்சிருக்கா. பாக்கறவங்க அவங்கவங்க கஷ்டத்த அதுல பாத்துக்கலாம்.”

ஃபாதர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். “இப்படியே இருக்கட்டும்மா. இனி தொடாதீங்க.”

நான் தலையை ஆட்டினேன். ஆட்டினேன்! வாயைத் திறந்து ‘இல்லை ஃபாதர், எனக்கு வரவில்லை’ என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சர்க்கரை போதுமா என்று கேட்டேன்.

அவர்கள் போனதும் துணியை மறுபடி போர்த்தினேன். இரவு சாப்பிடவில்லை.

2 ஏப்ரல், புதன்

ஃபாதர் படத்தை வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறார். மெரின் ஓடி வந்து காட்டினாள். “அக்கா, பங்கு மொத்தமும் கை கூப்பிக்கினு கெடக்குது, பாரு.” முடிக்கத் துப்பில்லாதவளுக்கு இத்தனை கும்பிடு.

மெரின் போன பிறகு லினெட் மெதுவாகக் கேட்டாள். “ஏம்மா, நெஜமாவே அப்படி யோசிச்சுத்தான் வுட்டியா?”

“ஆமா.”

நாலு தடவை சுரண்டியதைப் பார்த்த பிள்ளை. “சரிம்மா” என்று எழுந்து போய்விட்டாள். பொய்யென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் என்னைக் காப்பாற்றிவிட்டுப் போகிறாள். இதைவிட அசிங்கம் என்ன இருக்கிறது?

அவரிடம் சொன்னேன், முகம் வைக்கப்போகிறேன் என்று. “அவங்களுக்குத்தான் புடிச்சுப்போச்சே, நீ ஏன் நோண்டுற? கெட்டுப்போனா அப்புறம் யாரு பதில் சொல்றது?”

நான்தான். வேறு யார்?

4 ஏப்ரல், வெள்ளி

பாவத்தைச் சொல்லிவிடலாம் என்று பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். வரிசை நீளம். பாதியில் திரும்பிவிட்டேன். இந்த வேலையை முடிக்காமல் அங்கே போய் என்ன சொல்ல?

7 ஏப்ரல், திங்கள்

வைத்துவிட்டேன்.

இடது கண் வீங்கி மூடிவிட்டது. உதடு கிழிந்திருக்கிறது. தாடியில் மண், எச்சில், உறைந்த ரத்தம். வலது கண் மட்டும் அந்தப் பெண்ணைப் பார்க்கிறது. மூக்கு சரியாக வரவில்லை, கோணல். சுரண்டும் கத்தியை எடுத்தேன். பிறகு, விழுந்தவருக்கு மூக்கு நேராகவா இருக்கும் என்று கீழே வைத்துவிட்டேன்.

வெரோணிக்கம்மாளின் கையும் இப்போதுதான் சரியாக இருக்கிறது. இத்தனை நாள் அவள் காற்றைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அவர் பார்த்துவிட்டு, “இத எவன் மாட்டுவான்?” என்றார். மெரின் சிலுவை போட்டுக்கொண்டாள். லினெட், “பாக்கவே முடியலம்மா” என்றாள். ஆனால் நின்று பார்த்தாள்.

இரவு நன்றாகப் பசித்தது.

9 ஏப்ரல், புதன்

ஃபாதருக்குக் காலையில் அனுப்பியது:

தோத்திரம் ஃபாதர். லினெட் அம்மா எழுதுகிறேன். நீங்கள் பார்த்துவிட்டுப் போன படம் இப்போது இல்லை. அன்று அதை நான் யோசித்து விடவில்லை, வராமல் விட்டிருந்தேன். உங்கள் முன்னால் தலையாட்டியது தப்பு. இப்போது முகம் வைத்துவிட்டேன். முகம் அழகாக இல்லை. வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. நான் மாற்றப்போவதில்லை. பெரிய வெள்ளிக்கு மாட்டுவதாக இருந்தால் மார்ட்டின் சனிக்கிழமை வண்டியில் கொண்டுவருவான். வேண்டாம் என்றால் நீங்கள் வேறு படத்துக்கு ஏற்பாடு செய்ய வேண்டும், நாள் அதிகம் இல்லை. எதுவானாலும் சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.